ஐந்தாவது கேள்விக்கு என் நம்பர்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து கேன்டீனில் வைத்துச் சிரிப்பதைவிட, நானே சொல்லி நானே சிரிப்பது எனக்குக் கொஞ்சம் மரியாதை. இந்த உத்தியோகத்தில் நான் எழுதியவற்றிலேயே அதிக இடங்களில் ஓடிய ஒரு சமாச்சாரத்துக்குள், என்னுடைய செல்போன் நம்பரையும் என்னுடைய சர்க்கரை அளவையும் சேர்த்து வைத்துத் தைத்துவிட்டு ரிட்டயர் ஆனவன் நான். பட்டன் தைக்கிறவன் சட்டையோடு சேர்த்து விரலையும் தைத்துக்கொண்ட கதை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு அது தெரிந்த சமாச்சாரம்தான். நம் ஆபீசில் ஒரு டேட்டா புராஜெக்ட் தொடங்க வேண்டுமென்றால் யாரும் வெறும் தரையிலிருந்து கட்டுவதில்லை. கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி அடிப்பீர்கள். அது ஐந்து கேள்வி கேட்கும். பதில் சொல்லி முடித்தால் ஃபோல்டர்கள், உள்ளே எழுதவேண்டியதில் பாதி, எப்போது ஓடவேண்டும் என்கிற கணக்கு எல்லாம் மடமடவென்று முளைத்து நிற்கும். இன்னொரு வரி அடித்தால் மேலே சர்வருக்குப் போய் ஓட ஆரம்பித்துவிடும். கொழுக்கட்டை அச்சு மாதிரி. அந்த அச்சை வார்த்தவன் அடியேன், தாமோதரன். அச்சில் ஒரு பல் உடைந்திருந்தால் எல்லாக் கொழுக்கட்டையிலும் அந்த இடம் மொழுக்கென்று இருக்கும் என்பது வார்க்கும்போது தோன்றவில்லை.

ஐந்து கேள்விகளும் எளியவை. புராஜெக்டின் பெயர் என்ன? எந்த இடம்? எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும்? சோதனையா, நிஜமா? ஆபத்து என்றால் யாருக்குச் சொல்ல?

ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ஒரு பதில் தயாராக உட்கார்ந்திருக்கும். யோசிக்க நேரமில்லாதவர்கள் எண்டர் தட்டினால் அதுவே பதிலாகிவிடும். யோசிக்க நேரமிருக்கிறவர் நம் தொழிலில் யார்? எல்லாரும் எண்டர்தான். மூன்றாவது கேள்விக்குத் தயார் பதில், ஐந்து நிமிடம். நாலாவதுக்கு, சோதனை. ஐந்தாவதுக்கு, என் நம்பர்.

இதை வைக்காதே என்று சொன்னவர் ஒருவர் இருந்தார். என்னை இந்தத் தொழிலில் திட்டித் திட்டியே ஆளாக்கிய மேடம். பெயர் போட்டால் அதற்கும் போன் போட்டுத் திட்டுவார், அதனால் விட்டுவிடுகிறேன். அச்சை முதன்முதலில் அவரிடம் காட்டியபோது ஐந்தாவது கேள்வியில் விரலை வைத்தார்.

"இதுல எதுவும் போடாதய்யா. காலியா விடு."

"காலியா விட்டா ஓடாது மேடம். அப்படியே நின்னுடும்."

"நிக்கட்டும். நின்னாத்தான் எவனாவது சீட்டவிட்டு எழுந்து வந்து பார்ப்பான்."

"நின்னா என்னைத்தானே மேடம் திட்டுவாங்க?"

"பின்ன, எதுக்குச் சம்பளம் வாங்கற?"

அவர் இருந்தவரை காலியாகத்தான் விட்டிருந்தேன். அவர் வேறு கிளைக்குப் போனதும், ஒவ்வொரு தடவை சோதித்துப் பார்க்கும்போதும் பத்து இலக்கம் அடிக்கச் சோம்பல்பட்டு என் நம்பரைப் பதித்தேன். அப்புறம் எடுக்கலாம் என்று. ‘அப்புறம்’ என்கிற நாள் எந்தக் காலண்டரிலும் அச்சாவதில்லை.

சர்க்கரைக் கதை இன்னும் மோசம். அச்சோடு கொஞ்சம் மாதிரி எண்களும் கொடுக்க வேண்டும். புதிதாக ஒரு புராஜெக்ட் பிறந்தவுடன் அந்த எண்களை விழுங்கி, அளவு மீறிவிட்டது என்று நாலைந்து செய்தி அனுப்பிக் காட்டும், எல்லாம் ஒழுங்காக இணைந்திருக்கிறது என்று நமக்குத் தெரிவதற்காக. எண்களைக் கற்பனை பண்ண எனக்கு உடம்பு வணங்கவில்லை. அந்தச் சமயம் டாக்டர் என் சர்க்கரையைத் தினம் குறித்துவரச் சொல்லியிருந்தார். அதை அப்படியே தூக்கிப் போட்டேன். வெறும் வயிற்றில் 148. வெண்பொங்கல் சாப்பிட்ட அன்று 231. மேடத்தின் பேரன் பிறந்தநாள் கேக்குக்கு மறுநாள் 264.

ரிட்டயர்மென்ட் அன்று எனக்கு ஒரு குக்கர் கொடுத்தீர்கள். நான் உங்களுக்கு அந்த அச்சை விட்டுவந்தேன். குக்கர் மூன்று விசிலுக்கு மேல் தாங்கவில்லை. அச்சு நன்றாக உழைத்தது.

ராயபுரம் வீட்டில் போய் உட்கார்ந்த பிறகுதான் செய்திகள் வர ஆரம்பித்தன. ‘[சோதனை] மாதவரம் பால் குளிர்கிடங்கு: 231.’ முதல் தடவை பதறியடித்து நிவேதாவைக் கூப்பிட்டேன். என் பழைய குழுவுக்கு இப்போது அவள்தான் தலைவி. நான் சேர்த்துவிட்ட பெண்.

"சார், பயப்படாதீங்க, டெஸ்ட் மெசேஜ்தான் சார்."

"எரநூத்தி முப்பத்தொண்ணு காட்டுதேம்மா! பால் கெட்டுடாது?"

"சார்..." ஒரு கணம் தயங்கினாள். "அது உங்க சுகர் சார்."

பின்னால் ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போலிருக்கிறது. நானும் சிரித்தேன். என் நம்பரை எடுத்துவிடு என்று சொன்னேன், அவளும் எடுக்கிறேன் என்றாள். அதன் பிறகு செய்தி வரும்போதெல்லாம், பழைய போட்டோவைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொள்வேன். ஆகா, 148, கேழ்வரகுக் கூழ் குடித்த நாள். 264, கேக்.

இன்னொரு தடவை அவளுக்கு ஞாபகப்படுத்தியிருக்கலாம். செய்யவில்லை. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: வேலையில்லாதவனின் போன் ரொம்ப அமைதியான பொருள். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களைத் தவிர வேறு யாரும் கூப்பிடுவதில்லை. அந்தச் செய்திகள் வரும்போது மனைவி காதுபட "சே, ஆபீஸ்ல விடமாட்டேங்கறாங்க" என்று சலித்துக்கொள்வதில் எனக்கொரு சின்ன சுகம் இருந்தது.

அந்த ஒரு நாளுக்கு வருகிறேன்.

முற்பகல். எங்கள் தெருமுனை சலூனில் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். சலூன்காரர் பாபு முகமெல்லாம் சோப்பு பூசி, இடது கன்னத்தை முடித்துவிட்டு வலதுக்கு வந்துகொண்டிருந்தார். வெளியே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மடியில் போன் அதிர்ந்தது. ‘[சோதனை] எண்ணூர் யார்டு, குழி 2: 37.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாபு கத்தியைத் தூக்கிக்கொண்டார்.

"இன்னா நைனா, கத்தி வச்சிகினு கீறப்ப சிரிக்கிற? காது போய்டும்."

"ஒண்ணுமில்ல பாபு. என் சுகர் முப்பத்தேழாம்."

"முப்பத்தேழுன்னா?"

"முப்பத்தேழுன்னா நான் செத்துப்போய் ஒரு மணி நேரம் ஆயிருக்கணும்."

"அப்ப ஷேவிங்குக்கு யாரு துட்டு குடுப்பா?" என்றார் பாபு. கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். பாபு வலது கன்னத்துக்கு மறுபடி சோப்பு குழைத்தபடியே அவர்களோடு அரட்டையில் இறங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாதிரி எண்களை யாரோ புதுப் பிள்ளைகள் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, ஒரு வழியாக என் சர்க்கரையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நல்லதுதான் என்று நினைத்தேன். கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

இரண்டாவது செய்தி வந்தது. குழி 2: 64.

அப்போதுதான் உறைத்தது. எண் இல்லை, இடைவெளி. சோதனைச் செய்திகள் ஒன்றாகக் கொட்டும். நாலைந்தும் ஒரே மூச்சில் வந்து விழும். இந்த இரண்டாவது, முதலாவதுக்குப் பின்னால் ஐந்து நிமிடம் வரிசையில் நின்று வந்திருந்தது. மாதிரி எண்கள் அப்படிக் காத்திருக்காது. உண்மையான ஒரு சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உண்மையான ஒரு குழியைப் பார்த்துச் சொன்னால்தான் செய்தி இப்படி வரும்.

அந்தக் குழி எனக்குத் தெரியும். எண்ணெய்த் தொட்டிகள் இருக்கிற யார்டு அது. கழிவும் தண்ணீரும் வந்து சேருகிற ஆழமான குழிகள் இரண்டு. அடியில் சேறு கட்டும். சும்மா கிடக்கும்வரை சாது. ஆள் இறங்கி வாளியால் கலக்கினால், சேற்றுக்குள் பதுங்கியிருந்த விஷவாயு மேலே வரும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு நூறைத் தாண்டினால் அந்த நாற்றமும் தெரியாது, மூக்கே மரத்துவிடும். வாயு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆள் விழுந்துவிடுவான். அந்தக் குழிக்கு வாயு அளக்கும் சென்சார் வைக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது நான் சர்வீஸில் இருந்தேன். வைத்தது எனக்குப் பின்னால்.

நிவேதாவுக்கு அடித்தேன். கட் பண்ணிவிட்டு, ‘மீட்டிங்கில் இருக்கிறேன்’ என்று ஒரு வரி வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே வரி.

அந்த இடத்தில் மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்தேன், பிள்ளைகளே. அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தலைக்குள் என்ன ஓடியது தெரியுமா? வாயு இல்லை, குழி இல்லை. ஸ்பீக்கரில் கேட்ட அந்தச் சிரிப்பு ஓடியது. செய்தியின் தலையிலேயே ‘சோதனை’ என்று போட்டிருக்கிறது. இதற்கும் பதறிக் கூப்பிட்டு, அங்கே ஒன்றுமில்லை என்றால்? ரிட்டயர் ஆன கிழம் சர்க்கரையைப் பார்த்து ஊரைக் கூட்டுகிறது என்று நீங்கள் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிக்க மாட்டீர்களா? வாழ்க்கை முழுக்க என்னை நானே கிண்டல் பண்ணிக்கொண்டவன், மற்றவர் சிரிப்புக்கு அவ்வளவு பயந்திருக்கிறேன் என்று அந்த நாற்காலியில்தான் தெரிந்தது.

பாபு என்னைக் கண்ணாடி வழியே பார்த்தார். "இன்னா நைனா, ஒரு மாதிரி ஆயிட்ட?"

மூன்றாவது செய்தி. குழி 2: 118.

சோப்போடு எழுந்து நின்று தேசிங்குக்கு அடித்தேன். தேசிங்கு அந்த யார்டில் பம்ப் ஓட்டுகிறவர். நான் சர்வீஸில் அங்கே போகும்போதெல்லாம் என்னோடு டீ குடித்தவர். என் போனில் ‘தேசிங்கு பம்ப்’ என்று இருந்தது.

"இன்னா தாமு சாரே! ரிட்டயர் ஆயும் எங்கள வுட மாட்டியா?"

"தேசிங்கு, ரெண்டாம் நம்பர் குழியில ஆள் இருக்கா?"

"ஏழுமல எறங்கி கீறான். இன்னாத்துக்குக் கேக்குற?"

"வெளிய தூக்கு."

"பெர்மிட்டு போட்டுதாம்பா எறங்குனான். காத்தால மீட்டரு வுட்டுப் பாத்தாங்க, சுத்தமா கீதுன்னு சொல்லிட்டுப் போனாங்க..."

"காலைல சேறு கலங்கல தேசிங்கு. இப்ப கலங்கியிருக்கு. தூக்கு!"

"மணி அடிக்கலியே சாரே?"

"மணிய விடு! தூக்குடா!"

அவரை நான் அதுவரை ‘டா’ போட்டுப் பேசியதில்லை. அதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே ஓடினார். செருப்புச் சத்தம், மூச்சு, ஏதோ இரும்புப் படியில் காலடி. பிறகு தொண்டை கிழிய ஒரு கத்தல்: "கஜா! தூக்கு! கயித்த இயு! உன் மாமன இயுடா!" அதோடு போன் எங்கேயோ விழுந்தது. விழுந்த பிறகும் இணைப்பில் இருந்தது. காற்று வீசுகிற சத்தமும், யாரோ "மாமா, மாமா" என்று கூப்பிடுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. பதில் கேட்கவில்லை.

பாபு என் வலது கன்னத்தைத் துடைக்க வந்தார். நான் துண்டோடு வெளியே ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தினேன். ஒரு கன்னம் மழமழ, ஒரு கன்னம் முள். எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் வழிவிட்டால்தானே? திருவொற்றியூர் தாண்டுவதற்குள் ஆட்டோக்காரர் என்னை மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், பாதி ஷேவிங்ல சண்டையா?" என்றார். என் வாழ்நாளிலேயே ஒரு கிண்டலுக்கு நான் பதில் சொல்லாத சந்தர்ப்பம் அதுதான்.

யார்டு வாசலில் செக்யூரிட்டி என்னை உள்ளே விடவில்லை. விடாதது சரிதான்; என் முகத்தைப் பார்த்தால் நானே விட்டிருக்க மாட்டேன். வாதாடிக்கொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸ் உள்ளேயிருந்து வெளியே வந்தது. அதன் பின்னால் அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே வராந்தாவில் தேசிங்கு சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. ஏழுமலையும் கஜாவும் சேர்ந்து வேலை செய்கிறவர்கள், கான்ட்ராக்ட் ஆட்கள். கஜாவின் அக்காளைத்தான் ஏழுமலை கட்டியிருக்கிறார். ஏழுமலை இறங்குவார், கஜா மேலே கயிறு பிடிப்பார். தேசிங்கு கத்தியபோது கஜா கயிற்றை இழுத்திருக்கிறார். கீழேயிருந்து அசைவு இல்லை. வெறும் கனம். ஏணியில் கயிறு சிக்கிக்கொண்டது. கஜா கயிற்றை விட்டுவிட்டு உள்ளே குதிக்கப் போனார்.

"நான் அவன் மேல குந்திகினேன் சாரே," என்றார் தேசிங்கு. "எறங்குனா ரெண்டு பொணம். அவன் என்னக் கடிச்சிட்டான் பாரு." முழங்கையைத் திருப்பிக் காட்டினார். பல் பதிந்திருந்தது. "இன்னும் ரெண்டு பேரு ஓடியாந்து சிக்க எடுத்து, நாலு பேருமா இயுத்தோம். வெளிய வந்தப்ப வாயில நொர."

மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். குழி வாயிலிருந்த அபாய மணி சும்மா சும்மா ஊளையிடுகிறது என்று யாரோ எப்போதோ ஒயரைப் பிடுங்கி விட்டிருக்கிறார்கள். அதுதான் செல்போனுக்கு மெசேஜ் வரப்போகிறதே என்று மறுபடி மாட்டவில்லை. மெசேஜ் எனக்கு வந்தது. நான் சலூனில் இருந்தேன்.

நிவேதா மாலையில் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்துத் திட்ட மனம் வரவில்லை. ஆபத்து என்றால் யாருக்குச் சொல்ல என்று அவள் யார்டு கம்பெனியைக் கேட்டிருக்கிறாள். அப்புறம் தருகிறோம் என்றார்களாம். ஓடாமல் நின்றுவிடக் கூடாதே என்று எண்டர் தட்டிவிட்டாள். அவர்கள் ஓட்டிக்காட்டச் சொன்னபோது ‘சோதனை’ என்று வைத்தே ஓடவிட்டுக் காட்டியிருக்கிறாள். அவர்களுக்குப் பிடித்துப்போய், அப்படியே ஓடட்டும் என்றுவிட்டார்கள். நாலாவது கேள்விக்கும் எண்டர். மூன்றாவதுக்கும் எண்டர்.

"தப்பு என்மேலதான் சார்," என்றாள்.

"இல்லம்மா. நீ எண்டர் தட்டின. எண்டர் தட்டினா என்ன வரும்னு வச்சவன் நான்."

"நீங்க வச்சதாலதானே சார் உங்களுக்கு வந்துது? காலியா இருந்திருந்தா யாருக்குமே வந்திருக்காது."

"காலியா இருந்திருந்தா அது ஓடியே இருக்காது நிவேதா. ஓடலேன்னா அவங்க மணிய மாட்டியிருப்பாங்க."

அவள் அழுதாள். மேடம் சொன்னதன் அர்த்தம் எனக்கு அந்த வராந்தாவில்தான் முழுசாகப் புரிந்தது. ஓடாமல் நிற்கிற ஒன்று நம்மை அவமானப்படுத்தும், அவ்வளவுதான். ஓடுகிற மாதிரி தெரிகிற ஒன்றை நம்பித்தான் ஆள் குழிக்குள் இறங்குகிறான்.

ஏழுமலை சாகவில்லை. இதைச் சொல்லும்போது நீங்கள் மூச்சு விடுவீர்கள். கொஞ்சம் பொறுத்து விடுங்கள். டாக்டர் என்னிடம், ஐந்து பத்து நிமிடம் முன்னால் எடுத்திருந்தால் நடந்து வீட்டுக்குப் போயிருப்பார் என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். ஐந்து பத்து நிமிடம். ஒரு கன்னம் ஷேவ் பண்ணுகிற நேரம். என் சர்க்கரையைப் பற்றி ஒரு ஜோக் அடித்து, அது எடுபட்டதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்கிற நேரம்.

யார்டு கம்பெனியில் விசாரணை நடந்தது. அதைவிட வேகமாக நம் ஆபீசில் பாராட்டு விழா நடந்தது. டேட்டா ஒரு உயிரைக் காப்பாற்றியது என்று பெரிய எழுத்தில் ஒரு பேனர் கட்டி, எனக்குச் சால்வை போட்டார்கள். நான் மறுத்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். மேடையில் மைக்கைக் கொடுத்தபோது வழக்கம்போல என் சர்க்கரைக் கதையைச் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிவேதா சிரிக்கவில்லை. தேசிங்குக்கு அழைப்பே இல்லை.

அன்று சாயங்காலமே நிவேதா அச்சைத் திறந்து என் நம்பரைத் தூக்கினாள். ஐந்தாவது கேள்வி இப்போது காலி. பதில் சொல்லாவிட்டால் ஓடாது, நின்றுவிடும். இனி நீங்கள் புராஜெக்ட் தொடங்கும்போது அது நின்று உங்களை எரிச்சல்படுத்தினால் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் சீட்டைவிட்டு எழுந்து போய்க் கேளுங்கள். எண்ணூர் யார்டுக்கு அவள் நேரில் போய் உட்கார்ந்து நம்பர் வாங்கிவந்தாள். மேனேஜரின் நம்பர். மணிக்கும் ஒயரை மாட்டவைத்துவிட்டுத்தான் வந்தாள்.

என் போன் மறுபடி ஊமையாகிவிட்டது. அந்த அமைதி முன்பு இருந்த அமைதி மாதிரி இல்லை.

சில வாரம் கழித்து ஏழுமலையைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். திருவொற்றியூரில் ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்து. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முயன்றார், வேண்டாம் என்று கைகாட்டினேன். நாலு வார்த்தை பேசினால் நாலு மூச்சு வாங்கவேண்டியிருந்தது. என்னை யாரென்று தெரியவில்லை. அந்த நாளைப் பற்றி அவருக்கு ஒன்றுமே நினைவில்லை. வேறு சிலதும் போய்விட்டதாக அவர் மனைவி சொன்னாள். மகள் பெயரை மட்டும் தினம் காலையில் ஒருதடவை கேட்டுக்கொள்கிறாராம்.

கஜா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முப்பது வயசு இருக்கும். உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"நீதான் போன் பண்ண ஆளா?" என்றார்.

"ஆமாம்பா."

"பேப்பர்ல உன் போட்டோ பாத்தேன். சால்வ போட்டுகினு."

நடந்ததை அவரிடம் சொன்னேன். செய்தி ஏன் எனக்கு வந்தது, ஐந்தாவது கேள்வி, தயார் பதில், எண்டர், எல்லாம். ஜோக் எதுவும் சேர்க்காமல் சொன்னேன். எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இப்பவும் அங்க வேலைக்குப் போறியா?" என்று கேட்டேன்.

"போவாம? அக்கா வூட்டையும் நாந்தான பாத்துக்கணும். கீய எறங்க வேற ஒர்த்தன் வந்து கீறான். கயிறு இன்னும் என் கையிலதான்."

"இப்ப பயமில்லப்பா. நம்பர மாத்திட்டாங்க. ஏதாவதுன்னா நேரா மேனேஜருக்கே போயிடும்."

"அவுரு எங்க குந்திகினு கீறாரு?"

"கிண்டி ஆபீஸ்ல."

குழி இருப்பது எண்ணூரில், ஊரின் மறுகோடியில். ரயில் ஒன்று போனது. சரக்கு ரயில், ரொம்ப நீளம். அது போய் முடிகிறவரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்காலியில் ஏழுமலை தூங்கிவிட்டிருந்தார். அவர் மார்பு ஏறி இறங்குவதைக் கஜா இரண்டு மூன்று தடவை உற்றுப் பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது எனக்கு வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. போனை எடுத்தேன்.

"கஜா, என் நம்பரக் குறிச்சுக்கோ. எது வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் கூப்பிடு."

அவர் தன் போனை எடுக்கவேயில்லை.

"உன் நம்பரு எனக்கு இன்னாத்துக்கு? என் நம்பர அந்த அஞ்சாவது கேள்வில போடு."